வளையக் கவசமும் வரலாற்று மெய்ம்மையும்: சிலுவைப் போர்க் கவச மீளாக்கம் பற்றிய ஒரு நோக்கு

சென்ற காலத்தைச் சொற்களாற் புனைந்து காட்டுவது வரலாற்று நாவலாசிரியனின் தொழில். அதே காலத்தை இரும்பாலும் துணியாலும் தோலாலும் புனைந்து, அப்புனைவைத் தன் உடலில் அணிந்து வெயிலில் நின்று காட்டுபவனை மேனாட்டார் போர் மீள்நடிப்பாளன் என்பர். கடந்த அரை நூற்றாண்டுக்கு மேலாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்துள்ள இவ்வழக்கத்தை ஓய்வுநேர விளையாட்டு என ஒதுக்குவோர் உளர். நூலகத்தில் அமர்ந்திருப்போர் அறியவொண்ணாதவற்றை அறியும் ஆராய்ச்சிமுறை எனப் போற்றுவோரும் உளர். இரு சாராரும் ஒன்றைக் கவனிப்பதில்லை. மீளாக்கப்பட்ட கவசம் ஒன்று, பல ஏடுகளை ஒப்புநோக்கி வெளியிடப்பெறும் பதிப்பைப் போல, சான்றுகளிலிருந்து பெறப்பட்ட முடிபுகளின் தொகுதியாகும். எந்த வளையம், எந்தத் துணி, எந்த நிறம் என்ற ஒவ்வொரு தெரிவும் ஒரு வாசிப்பு. வாசிப்பாயின் அது திறனாய்வுக்கு உட்பட வேண்டியதே.

மீள்நடிப்பாளரிடையே மிகுந்த கவர்ச்சி பெற்றுள்ளது சிலுவைப் போர் வீரனின் கோலம். 1095இல் பாப்பரசர் இரண்டாம் ஏர்பன் கிளெயர்மொன் நகரில் விடுத்த அறைகூவலுக்கும் 1291இல் ஏக்கர் நகரம் வீழ்ந்தமைக்கும் இடையே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழிந்தன. இக்காலப் பகுதியிற் கவசம் ஒரே நிலையில் நிற்கவில்லை. முதலாம் சிலுவைப் போரில் முன்னணியில் நின்றோர் கூம்பிய உச்சியும் மூக்கை மறைக்கும் ஒற்றைத் தகடும் கொண்ட தலைக்கவசத்தை அணிந்தனர். முகம் பெரும்பாலும் திறந்தே இருந்தது. படிப்படியாக வளையக் கவசத்தின் கைகள் நீண்டு விரல்களையும் மூடின. கால்களுக்கும் வளையக் காலுறை வந்தது. கவசத்தின்மேல் துணியாலான மேலங்கி அணியும் வழக்கம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பரவியது. முகம் முழுவதையும் மூடிய, உச்சி தட்டையான பெருந்தலைக்கவசம் 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கு உரியது. ஆயினும் பொதுமக்களின் கற்பனையில் இவ்விருநூறு ஆண்டுகளுக்கும் ஒரே மனிதன்தான் நிற்கிறான். வாளி போன்ற இரும்புத் தலை, வெள்ளை அங்கி, மார்பை நிறைத்த செஞ்சிலுவை என்பனவே அவன் அடையாளங்கள். 1099இல் ஜெருசலேமின் மதிலேறிய எவனும் அவ்வாறு தோன்றியிருக்க முடியாது. அக்கோலத்துக்குரியவராகக் கருதப்படும் ரெம்பிளர் என்னும் துறவுப் போர்வீரர் சபையே அதற்கு இருபது ஆண்டுகள் கழிந்த பின்னர்தான் தோன்றியது.

இம்மனிதனை உருவாக்கியதில் இலக்கியத்துக்குப் பெரும் பங்குண்டு. சேர் வால்ற்றர் ஸ்கொற் 1825இல் வெளியிட்ட 'தலிஸ்மன்' என்னும் நாவல் மூன்றாம் சிலுவைப் போரைக் களமாகக் கொண்டது. அதன் தொடக்கத்திற் பாலைவெளியில் தனித்துச் செல்லும் வீரனுக்கு ஆசிரியர் வளையக் கவசத்தோடு எஃகு மார்புத் தகட்டையும் தகடு பதித்த கையுறைகளையும் அணிவிக்கிறார். அத்தகைய கையுறை வழக்குக்கு வர மேலும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது. மார்புத் தகடோ அக்காலத்திற் பொதுவழக்கு அன்று. ஸ்கொற் இதனை அறியாதவர் அல்லர். பழங்கவசங்களைத் தேடிச் சேர்த்துத் தம் இல்லத்திற் காட்சிக்கு வைத்தவர் அவர். 1819இல் வெளிவந்த 'ஐவன்ஹோ'வின் முன்னுரையாக அமைந்த கற்பனைக் கடிதத்தில், இரண்டு மூன்று நூற்றாண்டுகளின் வழக்கங்களைத் தாம் கலந்திருத்தல் கூடும் என அவர் ஒப்புக்கொள்கிறார். பழமையை முற்றிலும் பழமையாகவே தந்தால் வாசகன் அதனுட் புக மாட்டான் என்பது அவர் வாதம். நாவலாசிரியனுக்கு அவ்வாதம் பொருந்தலாம். ஆனால் நாவலை வாசித்தவர்கள் நாவலோடு நின்றுவிடவில்லை. 1839இல் ஸ்கொற்லாந்தின் எயர்சயரில் எக்லின்ரன் பிரபு பெரும் பொருட் செலவில் மத்தியகாலப் போட்டி ஒன்றை நடத்தினார். இலண்டனிற் பழங்கவச வாணிகஞ் செய்த சாமுவேல் பிராட் என்பவரிடம் பெற்ற தகட்டுக் கவசங்களை உயர்குடியினர் அணிந்தனர். பல்லாயிரம் மக்கள் கூடிய அன்று மழை கொட்டித் தீர்த்தது. வீரர்கள் சேற்றில் நின்றனர். நிலவுடைமைக் குடிகள் தம் பழைய மதிப்பு கரைந்துபோவதை உணர்ந்த காலத்திலேயே இவ்வாடம்பரம் நிகழ்ந்தது என்பது மனங்கொளத்தக்கது.

அதே தலைமுறையில் ஆராய்ச்சி நோக்கிற் கவசத்தை அணுகியோரும் இருந்தனர். சாமுவேல் மெயிறிக் 1824இல் வெளியிட்ட பெருநூல் இத்துறைக்கு அடிகோலியது. ஆயினும் அவர் செய்த தவறு ஒன்று இன்றைய மீளாக்குநர் ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கையாக அமையத்தக்கது. பழைய ஓவியங்களிலும் முத்திரைகளிலும் வளையக் கவசம் பலவாறு வரையப்பட்டிருந்தது. சிலவற்றில் வட்டங்களாக, சிலவற்றிற் குறுக்குக் கோடுகளாக, சிலவற்றிற் பட்டைகளாக. ஒவ்வொரு வரைமுறைக்கும் ஒவ்வொரு கவச வகை இருந்ததென மெயிறிக் கொண்டு, அவற்றுக்குப் பெயருமிட்டார். ஆயிரக்கணக்கான வளையங்களை ஒவ்வொன்றாக வரைய விரும்பாத ஓவியன் கையாண்ட சுருக்கெழுத்தே அக்கோடுகள் என்பது பின்வந்தோரால் உணரப்பட்டது. 1958இற் கிளோட் பிளேயர் ஐரோப்பியக் கவசம் பற்றி எழுதிய நூல் வெளிவந்தபோது மெயிறிக்கின் வகைப்பாடு பெரும்பாலும் கைவிடப்பட்டிருந்தது. எனினும் இறந்த வகைகள் சில மேடை நாடகங்களிலும் சிறுவர் நூல்களிலும் ஆவிபோல் அலைந்துகொண்டிருந்தன. ஓவியத்தின் மொழியைப் பொருளின் மொழியாக மயங்கிய இத்தவறு, உவமையை வருணனையாக வாசிக்கும் இலக்கிய மாணவனின் தவறுக்கு உறவானது.

இன்றைய மீளாக்குநர் நம்பியுள்ள சான்றுகள் எத்தகையன? 12ஆம் நூற்றாண்டுக்குரியதென உறுதியாகக் காலங்குறிக்கத்தக்க முழுமையான வளையக் கவசங்கள் மிக அரியன. இரும்பு துருவேறும், துருவேறாதது வெட்டப்பட்டு வேறொன்றாகும். ஆகவே ஓவியங்களையும் கல்லறைச் சிற்பங்களையும் சார்ந்தே பெரும்பாலான முடிபுகள் எடுக்கப்படுகின்றன. 1240களில் பரிசில் வரையப்பட்டு, பிரான்சின் மன்னன் ஒன்பதாம் லூயியோடு தொடர்புபடுத்தப்படும் சித்திர விவிலியம் மீள்நடிப்பாளரின் மறைநூல் எனத்தக்கது. அதன் ஏடுகளிற் பெரும்பகுதி இப்போது நியூயோர்க்கின் மொர்கன் நூலகத்தில் உள்ளது. கவசத்தைத் தலைவழியே கழற்றும் வீரன், பஞ்சுறை அங்கியோடு மட்டும் போரிடும் காலாள், வாளினாற் பிளக்கப்படும் தலைக்கவசம் என அதில் இல்லாதது இல்லை. ஆனால் அவ்வோவியங்கள் எதனைச் சித்திரிக்கின்றன? சவுலையும் தாவீதையும் பெலிஸ்தியரையும். பழைய ஏற்பாட்டு வீரருக்குத் தம் காலத்துப் பிரெஞ்சுக் கவசத்தை அணிவித்த அவ்வோவியர்கள் வரலாற்றுத் துல்லியம் என்ற கருத்தையே அறியாதவர்கள். இன்றைய துல்லியத்தின் தலையாய ஆதாரம் ஒரு பெருங் காலவழு என்பது சுவையான முரண். அவ்வேடு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரசீக மன்னன் ஷா அப்பாசுக்குப் பரிசாகச் சென்று, ஓரங்களிற் பாரசீகக் குறிப்புகளைப் பெற்றுத் திரும்பிய கதை வேறு.

கல்லறைச் சிற்பங்களின் நிலையும் இதுவே. இலண்டன் ரெம்பிள் தேவாலயத்தில் 1219இல் இறந்த வில்லியம் மார்சலுடையதெனக் கருதப்படும் சிற்பம் உட்படப் பல வீரர் சிற்பங்கள் உள. 1840களில் அவை புதுக்கப்பட்டன. புதுக்கியவரின் கை எங்கே முடிந்தது, மூலச் சிற்பியின் கை எங்கே தொடங்கியது என்று பிரித்தறிவது எளிதன்று. 1941இற் குண்டுவீச்சினாற் கூரை எரிந்து விழ, அவை மேலும் சிதைந்தன. இவற்றைப் பார்த்து ஒரு வளையத்தின் அளவைத் தீர்மானிப்பவர், இடைச்செருகல் மலிந்த ஏட்டைப் பார்த்து ஒரு சொல்லின் வடிவத்தைத் தீர்மானிக்கும் பதிப்பாசிரியரின் இடர்ப்பாட்டிலேயே நிற்கிறார்.

சான்றுகளின் இத்தகைய வறுமையிலும் மீளாக்கம் உண்மையான அறிவைத் தந்துள்ள இடம் ஒன்றுண்டு. அது செய்கை. வளையக் கவசத்தின் கட்டமைப்பு சொல்வதற்கு எளிது. இரும்புக் கம்பியை ஓர் உருளையிற் சுற்றி, வெட்டி, முனைகளை ஒன்றன்மேல் ஒன்றாக்கித் தட்டித் தட்டையாக்கித் துளையிட்டு, சிறு தறையாணியால் இறுக்க வேண்டும்; ஒவ்வொரு வளையமும் அயலிலுள்ள நான்கு வளையங்களோடு கோக்கப்பட வேண்டும். ஒரு வரிசை தறையாணியிட்ட வளையமாகவும் மறு வரிசை இடைவெளியற்ற முழு வளையமாகவும் அமைவது அக்காலத்தில் நன்கு வழங்கிய முறை. வளையத்தின் அளவைப் பொறுத்து ஓர் அங்கிக்கு இருபதினாயிரமோ அதற்கும் மேலோ வளையங்கள் வேண்டும். குறட்டால் முனைகளைச் சேர்த்துவிட்டுத் தறையாணியிடாது விடும் குறுக்குவழியை முற்காலப் பொழுதுபோக்காளர் பின்பற்றினர். அவ்வாறு செய்த அங்கி தன் பாரத்தினாலேயே பிரிந்து வளையங்களை உதிர்க்கும். தறையாணியிட்ட அங்கியோ மெல்லிய கம்பியினாலாயினும் வலிமை கொண்டது. ஆகவே பாரமும் குறைந்தது. அசல் அங்கிகள் பெரும்பாலும் பத்து முதற் பதினைந்து கிலோகிராம் வரையே இருந்தன. தோளில் முழுதும் தொங்கும் இப்பாரம், இடையில் வாரினை இறுகக் கட்டியதும் இடுப்புக்குப் பகிர்ந்துவிடும் என்பது அணிந்தவர் முதல் நாளிலேயே கற்கும் பாடம். அக்குளிலும் தோளிலும் வளையங்களைக் கூட்டியும் குறைத்தும் தையற்காரன் துணி வெட்டுவதுபோல் உடலுக்கேற்ப அமைக்காவிட்டாற் கையை உயர்த்த இயலாது என்பதும் அவ்வாறே. 1944இல் லோறன்ஸ் ஒலிவியே நடித்து இயக்கிய 'ஐந்தாம் ஹென்றி' திரைப்படத்தில் வீரர்களைப் பாரந்தூக்கியாற் குதிரைமேல் இறக்கிய காட்சி கவசம் பற்றிய பொய்ம்மைகளுக்குப் பல தலைமுறை உயிர் கொடுத்தது. அதனைத் தகர்த்ததில், கவசத்தோடு ஓடியும் விழுந்தும் எழுந்தும் காட்டியோருக்குரிய பங்கை மறுக்கலாகாது.

ஆனால் செய்கையின் வரலாறு இங்கு முடிவதில்லை. மத்தியகாலக் கொல்லனின் கம்பி தேனிரும்பு. கரியுலையிற் பிறந்து கசடிழைகள் ஊடோடுவது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலோகத் தொழில் பற்றி எழுதிய தியோபிலஸ் என்னும் துறவி கம்பி இழுக்கும் துளைத்தகடுகளை விவரித்துள்ளார். அத்தகைய இரும்பு இன்று வாணிக அளவில் உற்பத்தியாவதில்லை. மீளாக்குநர் பயன்படுத்துவது ஆலையில் இழுத்த மெல்லெஃகுக் கம்பி. அது ஒரே சீரானது, கசடற்றது, அசலை விட நம்பத்தக்கது. அம்பெய்து, ஈட்டியாற் குத்திச் செய்யப்படும் 'சோதனை'களின் பயன் இதனாற் பெரிதும் குறைகிறது என்பதை அவற்றை நடத்துவோர் எப்போதும் வெளிப்படையாகக் கூறுவதில்லை. மேலும், இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அணியப்படும் தறையாணியிட்ட அங்கிகளிற் பெருந்தொகையானவை இந்தியப் பட்டறைகளிற் கையாற் கோக்கப்பட்டவை. எட்டு அல்லது ஒன்பது மில்லிமீற்றர் உள்விட்டமுடைய ஒரே அளவான வளையங்கள், தோளுக்கும் அக்குளுக்கும் வடிவமற்ற நேர்வெட்டு, ஏற்றுமதிக்கேற்ற விலை என்பன அவற்றின் இயல்பு. தானே கோத்துத் தானே அணிபவன் அவ்விலையோடு போட்டியிட முடியாது. இவற்றை வாங்கி அணிவோர் தம் அங்கியின் வளையம் எந்த ஓவியத்துக்கு இணையானது என நெடுநேரம் விவாதிப்பர்; அதனை இறுக்கிய கை யாருடையது என்ற வினா அவ்விவாதத்தில் எழுவது அரிது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வளையங் கோத்தவனின் பெயரும் எங்கும் இல்லை. இந்த ஒரு வகையிலேனும் மீளாக்கம் முழுத் துல்லியமாக அமைந்துவிட்டது.

இரும்பை விடத் துணி பற்றிய அறியாமை நெடுங்காலம் நீடித்தது. திரைப்படத் துறையினர் தடித்த நூலைப் பின்னி வெள்ளிச் சாயம் பூசி வளையக் கவசமெனக் காட்டிய காலத்தில், உண்மைக் கவசத்திற் பாதி துணியே என்பதை எவரும் எண்ணவில்லை. வளையம் வெட்டைத் தடுக்கும், அடியைத் தடுக்காது. அடியை வாங்குவது உள்ளே அல்லது மேலே அணியும், பஞ்சோ சணலிழையோ கம்பளமோ அடைத்துத் தைத்த தடித்த அங்கியே. இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி 1181இல் விதித்த ஆயுதச் சட்டம் இதனை வர்க்க ஒழுங்காகவே காட்டுகிறது. மானிய நிலமுடைய வீரனும் பதினாறு மார்க் பெறுமதியான உடைமையுள்ளவனும் முழு வளைய அங்கி வைத்திருக்க வேண்டும். பத்து மார்க் உடையவனுக்குக் குறுகிய வளைய அங்கி போதும். ஏனைய சுதந்திர மக்களுக்குப் பஞ்சுறை அங்கியும் இரும்புத் தொப்பியும் ஈட்டியும். மீள்நடிப்புக் களத்தில் இவ்விகிதம் தலைகீழாக நிற்பது காணத்தக்கது. அங்கே பிரபுக்கள் மிகப் பலர். காலாட்கள் மிகச் சிலர். இன்றைய அலுவலகப் பணியாளனுக்கு வளைய அங்கி எட்டும் விலையில் உள்ளமை ஒரு காரணம். தன்னை ஈட்டியேந்திய குடியானவனாகக் கற்பனை செய்ய எவனும் பணஞ் செலவழிக்க விரும்பாமை மற்றொன்று.

துணிக் கவசத்தின் ஆற்றலுக்குச் சான்று எதிர்த்தரப்பிலிருந்தே கிடைக்கிறது. சலாஹுத்தீனின் படையோடு உடனிருந்து அவன் வரலாற்றை எழுதிய பஹாவுத்தீன், 1191இல் அர்சூபை நோக்கி நகர்ந்த பிராங்கியக் காலாட்களைப் பற்றிக் கூறுமிடத்து, தடித்த கம்பள அங்கியும் வளைய அங்கியும் அணிந்திருந்த அவர்களின் முதுகில் பத்து வரை அம்புகள் தைத்து நின்றும் அவர்கள் அணி குலையாது நடந்ததை வியப்போடு பதிந்துள்ளார். இதற்கு மறுதலையான செய்தி ஒன்றும் உண்டு. 1250இல் மன்சூராப் போரில் ஜுவான்வில் என்னும் பிரெஞ்சுப் பிரபு களத்திற் கிடந்த ஒரு முஸ்லிம் வீரனின் பஞ்சுறை அங்கியைக் கண்டெடுத்து அதனைக் கேடயமாகப் பிடித்தார். அம்புகளால் ஐந்து இடங்களில் மட்டுமே காயமுற்றதாகவும் தம் குதிரைக்குப் பதினைந்து காயங்கள் என்றும் எழுதியுள்ளார். இவ்விரு குறிப்புகளையும் ஒருங்கு வைத்து நோக்கின், களத்தின் இரு பக்கத்தும் உடலைக் காத்தது ஏறக்குறைய ஒரே பொருள் என்பது விளங்கும்.

போராடிக் காட்டுவது எனும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. கவசத்தின் நோக்கம் உயிர் காத்தல். ஆனால் வார இறுதியில் மோதிவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குச் செல்ல வேண்டியவன் மத்தியகால வீரன் ஏற்ற ஆபத்தை ஏற்க முடியாது. 1966இற் கலிபோர்னியாவின் பேர்க்லியில் தொடங்கிய இயக்கம் பிரம்பினாலான ஆயுதங்களைக் கொண்டு இதனைத் தீர்த்தது. 2010இல் உக்ரேனின் கொத்தின் கோட்டையில் முதன்முதலாக நடைபெற்ற நாடுகளுக்கிடையிலான கவசப் போட்டியில் எஃகு ஆயுதங்களே பயன்பட்டன. ஆயின் அவை மழுக்கப்பட்டவை, குத்துதல் விலக்கப்பட்டது. குத்து விலக்கப்பட்ட களத்தில் வளையக் கவசத்தின் தலையாய பலவீனம் வெளிப்படுவதேயில்லை. அதேவேளை தடித்த எஃகின் அடி விரலெலும்பை நொறுக்கும். வளையக் கையுறை அதற்குத் துணைபோகாது. ஆகவே இத்தகைய போட்டிகளிற் பெரும்பாலோர் 14, 15ஆம் நூற்றாண்டுகளின் தகட்டுக் கவசத்தையே நாடுகின்றனர். சிலுவைப் போர்க் காலத்தையே பேண விரும்புவோர் தலைக்கவசத்தின் தகட்டைத் தடிப்பாக்கியும் மேலங்கிக்குள் மறைவாகத் தகடு வைத்தும் காலத்தோடு சமரசஞ் செய்கின்றனர். அது குற்றமன்று. மறைத்துவிட்டு, 'அசல்' என்று பெயரிடுவதே குற்றம்.

இனிச் சிலுவைக்கு வருவோம். 1188 ஜனவரியிற் கிசோர் என்னுமிடத்தில் இங்கிலாந்து, பிரான்சு மன்னர்கள் சந்தித்துச் சிலுவை ஏற்றபோது, பிரெஞ்சுக்காரர் சிவப்பும் ஆங்கிலேயர் வெள்ளையும் பிளாண்டேர்ஸ் நாட்டினர் பச்சையும் அணிவதென முடிவாயிற்று. ஆங்கிலேயனின் செஞ்சிலுவை அன்று பிரெஞ்சுக்காரனுடையது! ரெம்பிளர் சபையினர் செஞ்சிலுவை பெற்றது 1140களின் பிற்பகுதியில். ஹொஸ்பிற்றலர் சபையினர் கறுப்புடையினர். போரிற் சிவப்பு மேலங்கியில் வெள்ளைச் சிலுவை அணிய அவர்களுக்கு உத்தரவு கிடைத்தது 1259இலேயே. ஆகவே 1187ஆம் ஆண்டுக் களத்திற் செவ்வங்கி அணிந்த ஹொஸ்பிற்றலர் ஒருவர் தோன்றினால், அவர் எழுபது ஆண்டு முந்தி வந்துவிட்டார் என்பதே பொருள். பாலஸ்தீனத்திற் பிறந்து வளர்ந்த வீரரைக் கொண்டு, கீழைத்தேய முறையில் ஆயுதந் தரித்து, பிராங்கியப் படையோடு சென்ற துர்க்கோப்பொலர் என்னும் இலகு குதிரைப்படை வேறு இருந்தது. நுணுகி நோக்க நோக்க இரு தரப்பையும் பிரிக்கும் கோடு மங்கிச் செல்கிறது. ஆயினும் மீள்நடிப்புக்கு அக்கோடு தேவை. யார் யாரை அடிப்பது என்பது ஐம்பது யார் தொலைவிலேயே தெரிய வேண்டும். எனவே வளையத்தின் தறையாணி வரை இறங்கிய துல்லியம், அடையாளம் குழம்பக்கூடிய இடம் வந்ததும் நின்றுவிடுகிறது. துர்க்கோப்பொலர் கோலத்தை ஏற்போர் அருகியே காணப்படுவது தற்செயலானதன்று.

இது வெறும் உடைப் பிரச்சினையாக இருந்தால் இத்துணை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டு நாகரிகங்கள் இரும்புச் சுவராற் பிரிந்து நின்றன என்ற கற்பனைக்கு உயிர்ப்பலி கேட்கும் ஆற்றல் உண்டு. 2011இல் நோர்வேயில் 77 பேரைக் கொன்றவன் ரெம்பிளர் சபையைப் புதுப்பித்தோருள் ஒருவனாகத் தன்னை அறிவித்துக்கொண்டான். மீள்நடிப்பாளரிற் பலர் இத்தகையோரை வெறுப்பவர்கள். தம் கலையை அவர்கள் களவாடியதாகக் குமுறுபவர்கள். அக்குமுறல் நேர்மையானது. ஆயினும் களவாடப்பட்டது வாளித் தலையும் மார்புச் சிலுவையும் கொண்ட அந்தச் சின்னமே. சிக்கலான உண்மைக் கோலத்தை எவனும் களவாட முனைந்ததில்லை என்பதும் நோக்கற்பாலது.

ஹத்தீன் மீள்நடிப்பு இதனை நிலத்தின்மீதே காட்டுகிறது. 1187 ஜூலை 3ஆம் நாள் ஜெருசலேம் அரசின் படை ஸபூரியாவின் நீரூற்றுகளை விட்டுத் திபேரியாவை நோக்கிப் புறப்பட்டது. வெயிலிலும் தாகத்திலும் புகையிலும் தளர்ந்து, மறுநாள் ஹத்தீனின் இரு கொம்புக் குன்றருகே சலாஹுத்தீனிடம் அழிந்தது. 2010களில், இசுரேலில் வாழும் மீள்நடிப்பாளர், சோவியத் நாடுகளிலிருந்து குடிபெயர்ந்தோர் பலர் உட்பட, ஜூலை மாதத்தில் அதே வழியை அக்காலக் கவசத்தோடு நடந்து, குன்றருகே போரை நடித்துக் காட்டினர். உடை, காலணி, நீர்க்குடுவை ஈறாகக் கடுமையான தகுதி விதிகள் அவர்களிடம் உண்டு. இரும்பு வெயிலிற் கொதிப்பதையும், நீரின்றி ஒரு நாள் என்பது என்ன என்பதையும் எந்த நூலைவிடவும் அந்நடை நன்கு கற்பிக்கும் என்பதில் ஐயமில்லை. வரலாற்றாசிரியர்கள் தாகத்தை ஒரு வாக்கியத்திற் கடந்துவிடுவர். அவர்கள் அதனைத் தோளிற் சுமந்தனர்.

ஆனால் அவ்வழி வெறும் வழி அன்று. தொடக்கத்தில் உள்ள ஸபூரியாவும் இடையிலுள்ள லூபியாவும் முடிவிலுள்ள ஹத்தீனும் 1948 ஜூலை வரை மக்கள் வாழ்ந்த அரபுக் கிராமங்கள். அம்மாதத்தில் அவை மூன்றும் குடியிழந்தன, வீடுகள் இடிக்கப்பட்டன. 1187 ஜூலையை அங்குலம் அங்குலமாகப் பேணும் நடை, அதே பாதையின் 1948 ஜூலையின்மேற் கால் வைத்தே செல்கிறது. நடப்போருக்கு இது தெரியாதென்றோ அவர்கள் தீயோர் என்றோ கொள்ளவேண்டியதில்லை. துல்லியத்தின் இலக்கணமே இவ்வாறு அமைந்துள்ளது என்பதுதான் கவனிக்கத்தக்கது. காலணியின் தையல் விதிக்குள் அடங்கும், காலடி மண் அடங்காது.

உசாமா இபுனு முன்கித் என்னும் சிரிய உயர்குடியினர் பிறந்தது 1095இல். சிலுவைப் போருக்கான அறைகூவல் எழுந்த அதே ஆண்டு. முதுமையில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தி உண்டு. ஸெங்கியின் தளபதி ஒருவர், போர்முனையில் ஏன் கவசம் அணியவில்லை என அவரைக் கேட்டார். அணிந்தே இருப்பதாக உசாமா சொல்லியும் அவர் நம்பவில்லை. பார்வைக்கு அது வெறும் தடித்த அங்கியாகவே இருந்தது. உசாமா கத்தியை எடுத்துத் தம் மார்பருகே அங்கியின் ஓரத்தைக் கிழித்துக் காட்டினார். உள்ளே அடிவரை நீண்ட பிராங்கிய வளையக் கவசம் ஒன்று. அதன்மேல் இடைவரை மற்றொரு வளையக் கவசம். இடையிடையே கம்பளமும் கழிவுப் பட்டும் முயல் மயிரும்.